தாழ்ப்பாளைப் போட்ட கை

லிங்கராஜ் யாரையும் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டைக்கூட ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஆயுசெல்லாம் மூட்டை சுமந்த மனுஷன். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடை ஒன்று, முதுகில் ஏறும் எடை வேறு என்பதை முதுகே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. எழுத்து என்றிருந்தால் அதற்குள் எவனோ எவனையோ ஏமாற்றுகிறான் என்பது அவர் கட்சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதில் அவருக்கு ஒரு நாளும் வருத்தமில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, சாலைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒண்டு வீட்டுக்கு, ரெம்யா என்ற பெண் வந்து நின்றாள். தோளில் துணிப்பை, கையில் போன். கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாளாம். இந்த ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிச் செய்த போராட்டங்களை, செய்தவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிந்து புத்தகம் போடப்போகிறாளாம்.

"இன்சூரன்ஸா?"

"அல்ல மாமா. புத்தகம்."

"ரெண்டும் ஒண்ணுதான். கையெழுத்துக் கேப்பியா?"

"வேண்டாம் மாமா. கதை சொன்னா மதி, அது போதும்."

அவள் தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். நாக்கில் இரண்டும் புரண்டது. போனை மேசைமேல் வைத்தாள். லிங்கராஜ் அதை எடுத்துக் குப்புறப் போட்டார்.

"பேடிக்காதீங்க மாமா. இன்னும் ஆன் பண்ணல்ல."

"எனக்கென்ன பயம்? அது என்னைப் பாத்துக்கிட்டுக் கிடந்தா எனக்குப் பேச்சு வராது. அவ்வளவுதான்."

அவள் வந்தது அவருக்காக அல்ல. அப்படியொரு போராட்டத்தில் இருந்த அவர் மனைவி மங்கலத்துக்காக. மங்கலம் கும்ப மாசத்தில், ஆத்துகால் அம்மன் கோயில் பொங்காலை கழிந்த மறுவாரம் இறந்துபோய்விட்டாள். செய்தி தெரிந்துதான் ரெம்யா வந்திருந்தாள். மங்கலத்தைப் பற்றி அவர் சொல்வதையாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்று.

"கூட வேலை பாத்த மத்தவளுவோ சொன்னாளுவோளா?"

"எல்லாரும் சொன்னாங்க. கேக்குறீங்களா?"

அவள் போனை நிமிர்த்தி எதையோ அழுத்தினாள். தாசம்மாளின் குரல் வந்தது. கரகரவென்று, நடுநடுவே வெற்றிலை துப்புகிற சத்தத்தோடு. தாசம்மாளும் மங்கலமும் பல வருஷத்துக்கு முன்னால் நீலகண்டன் முதலாளியின் வத்தல் கிடங்கில், அவர்கள் பேச்சில் கிட்டங்கியில், எதிரெதிரே உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளியவர்கள்.

"கிட்டங்கியில எங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது மோளே. முதலாளிக்கு மட்டும் பின்னால ஒண்ணு உண்டு, அதுக்குப் பூட்டு. வெளியே போறேன்னு கேட்டா 'கொஞ்சம் பொறு, லோடு தீரட்டும்'பாரு. லோடு என்னைக்குத் தீந்திருக்கு? அதனால யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். காலையில வீட்டுலயே அடக்கிக்கிட்டு வருவோம். ஒருத்திக்கு அதுலயே நீர்க்கடுப்பு முத்தி, மெடிக்கல் காலேஜ்ல கொண்டு கிடத்தியாச்சு. அவளுக்கு ஆளில்ல. நாங்கதான் முறை வச்சுத் துணைக்குக் கூட்டிருந்தோம். அங்க வராந்தாவுல பாய் விரிச்சு இருக்கும்போதான் முதலாளிக்கு ஒரு பாடம் படிப்பிக்கணும்ங்கிற பேச்சே வந்துது."

லிங்கராஜுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டார்.

மேட மாசத்து வெக்கையில் ஒரு நாள், தாசம்மாளுக்குப் பிறந்தநாள் என்று ஒரு புளுகைச் சொல்லி முதலாளிக்கு டீ கொடுத்தார்கள். பிறகு மோர். பிறகு நன்னாரி சர்பத், ஒன்றுக்கு இரண்டாக. நீலகண்டன் முதலாளி ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்கிற ஜாதி இல்லை. எல்லாம் உள்ளே போனபிறகு, அவர் உட்கார்ந்திருந்த அறைக்கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து விழுந்தது. பெண்கள் பாட்டுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். உச்சிப்பொழுதுக்கு அவர் கதவை இடிக்கத் தொடங்கினார். சாயங்காலம் கெஞ்சத் தொடங்கினார். வெளியிலிருந்து ஒரே பதில்தான்: "கொஞ்சம் பொறுங்க முதலாளி, லோடு தீரட்டும்."

போனில் தாசம்மாள் சிரித்தாள். போனுக்கு இந்தப் பக்கம் ரெம்யாவும் சிரித்தாள். லிங்கராஜ் சிரிக்கவில்லை.

"ஆத்துகால் அம்மை மேல சத்தியம் பண்ணினாரு. பத்துக் கடைக்காரன்மார் முன்னால வச்சு. அப்பொறம்தான் கதவு திறந்துது. ஒரு மாசத்துல கக்கூஸ் கெட்டினாரு."

பதிவில் ரெம்யாவின் குரல் கேட்டது: "யாரு அம்மா தாழ்ப்பாளைப் போட்டது?"

"அது... வத்தல் நெடியில்லா. கண்ணு எரிஞ்சுக்கிட்டுக் கிடந்தது. நெடியில கண்டில்ல மோளே."

ரெம்யா நிறுத்தினாள். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மாமா. விஜயம் சேச்சி, சுடலைமாடத்தி சேச்சி, எல்லாரும். நெடியில கண்டில்ல, நெடியில கண்டில்ல. யாரும் பாக்கலியாம். யாருன்னு தெரிஞ்சா புத்தகமே அந்தக் கையிலேர்ந்து தொடங்கலாம்னு நினைச்சேன்."

லிங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ மங்கலம் பேரு?"

"இருக்கும் மாமா. அங்க வேலை செஞ்சவங்க பேரெல்லாம் கடைசிப் பக்கத்துல வரும்."

"கடைசிப் பக்கத்துல. எல்லாரோடயும்."

"ஆமா."

அவருக்குச் சுருக்கென்று ஏறியது. போட்டது மங்கலம்தான். அவருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை, அவள் வாயிலிருந்தும் கேட்டதில்லை, ஆனாலும் தெரியும். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல்? அவரையே ஒருமுறை, குடித்துவிட்டு வந்த நாளில், வெளியே வைத்துத் தாழ்ப்பாள் போட்டவள் அவள்.

"ஞாயித்துக்கிழமை சந்தைப் பெண்கள் சங்கத்து மாடியில எல்லாரும் வர்றாங்க. ஒண்ணா இருந்து பேசப் போறாங்க, கேட்டோ. நீங்களும் வாங்க மாமா," என்று சொல்லிவிட்டு ரெம்யா போனாள்.

மறுநாளே லிங்கராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்குள் இறங்கினார். சுடலைமாடத்தி இப்போது சாலைச் சந்தையில் வாழையிலை வியாபாரம் செய்கிறாள். தலைவாழை இலைகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும், "வாரும் அண்ணாச்சி, யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"எழவுக்கு வந்திருக்கேன். என் பெண்டாட்டி பேரை நீங்க சேர்ந்து அடக்கம் பண்ணிட்டியளே, அதுக்கு."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். ஆச்சரியப்படவில்லை.

"ரெம்யாப் பிள்ளை வந்துச்சா?"

"வந்துச்சு. நெடியாம் நெடி. காலம்பூரா நெடியிலயே கிடந்தவளுவோளுக்கு அன்னைக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சோ? மங்கலம் போட்டான்னு சொன்னா உங்க வாயில என்ன புண்ணா வரும்?"

"அவ உம்மகிட்ட சொன்னாளா, நான்தான் போட்டேன்னு?"

லிங்கராஜ் மங்கலத்திடம் அதைக் கேட்டிருக்கிறார். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். சோறு போடும்போது கேட்டிருக்கிறார், சண்டைக்கு நடுவில் கேட்டிருக்கிறார். அவளும் ஒவ்வொரு தரமும் அதே பதிலைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "நெடியில கண்டேனா?"

"சொல்லல, இல்லியா? அவ சொல்லாததை நாங்க எப்படிச் சொல்ல?"

"ஏட்டி, அவ செத்துட்டா. இனி எந்த போலீஸ்காரன் வந்து அவளைப் பிடிக்கப்போறான்?"

ஒருவன் வந்து இலை விலை கேட்டான். சுடலைமாடத்தி அவனுக்கு ஒரு கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு எஸ்.ஐ. வந்து ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொல்லுங்கன்னு நின்னான் அண்ணாச்சி. ஒரு பேரு கிடைச்சிருந்தா அந்த ஒருத்தியை ஒடிச்சிருப்பான். கிடைக்கல. எல்லாரையும் சேர்த்து ஒடிக்க அவனுக்குக் கை பத்தல. அதனாலதான் நாங்க இன்னைக்கும் இருக்கோம். இது மங்கலம் மைனிக்கும் சேர்த்துத்தான்."

"புத்தகத்துல வருகது உங்க பேரு. என் வீட்டுப் பேரு கடைசிப் பக்கத்துல. எனக்குத் தெரியாதாக்கும்?"

"கம்மல் பத்திரமா இருக்கா அண்ணாச்சி?" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவருக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. திரும்பி நடந்துவிட்டார்.

கம்மல் சங்கதி இதுதான். மங்கலம் கடைசியாக மெடிக்கல் காலேஜில் கிடந்தது பெண்கள் வார்டு. அங்கே ஆண்பிள்ளை தங்கக் கூடாது. மகன் சுஜித் தள்ளி, கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவன் மனைவிக்குக் கைக்குழந்தை. யார் கூட்டிருப்பது என்று லிங்கராஜ் யோசிக்கும் முன்னால் சங்கத்துப் பெண்கள் முறை வைத்து வந்துவிட்டார்கள். அந்தப் பழைய வராந்தாவில் தொடங்கிய வழக்கத்தை அவர்கள் விடவில்லை. சந்தையில் யார் படுத்தாலும் ஒருத்தி போய் இருப்பாள். இப்போது துணிக்கடையில் நிற்கும் சின்னப் பெண்கள்கூட அந்த முறையில் உண்டு. லிங்கராஜ் நம்பவில்லை. காரணமில்லாமல் எவள் மற்றவளுக்கு மலம் அள்ளுவாள்? தினமும் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் பார்வை முதலில் போவது மங்கலத்தின் முகத்துக்கு அல்ல, காதுக்கு. கம்மல் இருக்கிறதா. முறை இருந்தவளுக்கு அது தெரியாமலா போகும்? ஒரு நாள் சுடலைமாடத்தி, அவர் தலை கதவில் தெரிந்ததுமே மங்கலத்தின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, "பாத்துக்கிடும் அண்ணாச்சி, ரெண்டும் இருக்கு" என்றாள். மங்கலம், பேச முடியாத நிலையிலும், கட்டில் குலுங்கச் சிரித்தாள்.

சரி, அன்றைக்கு எடுக்கவில்லை. கம்மலை விடப் பெரிதாக எதையோ எடுக்கத்தான் காத்திருந்தார்கள் போலிருக்கிறது என்று இப்போது அவருக்குப் பட்டது. பேரை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இவளுகள் சொல்லாவிட்டால் என்ன? தனக்கு வாய் இல்லையா? அந்தப் பெண்ணின் போன் யார் சொன்னாலும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மெய்யும் பொய்யும் தெரியாது.

சங்கத்து மாடி என்பது ஒரு சாக்குக் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறை. மரப்படி செங்குத்தாக ஏறும். தாசம்மாளை இரண்டு பேர் தாங்கி ஏற்றியிருந்தார்கள். அவளோடு விஜயமும் சுடலைமாடத்தியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போன். பக்கத்தில் ஒரு தட்டில் ஏத்தங்காய் வறுத்த உப்பேரி. லிங்கராஜுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"ஆண்பிள்ளைக்குச் சிம்மாசனம்," என்றாள் தாசம்மாள்.

"கிழவனால பாயில இறங்கி உக்கார முடியாதுன்னுதான் போட்டிருக்காளுவோ. எனக்குத் தெரியும்."

"உமக்குத் தெரியாதது உண்டா?"

ரெம்யா போனை அழுத்தினாள். அவர்கள் பேசினார்கள். ஒருத்தி தொடங்கினால் இன்னொருத்தி வெட்டினாள். சர்பத்தில் எலுமிச்சை பிழிந்ததா இல்லையா என்பதிலேயே ஒரு தர்க்கம். முதலாளி கதவுக்குப் பின்னால் குதித்த குதியை விஜயம் உட்கார்ந்தபடியே ஆடிக் காட்டினாள். கடைசியில் ரெம்யா கேட்டாள்:

"அப்போ, தாழ்ப்பாள்?"

மூன்று பேரும் வாயைத் திறக்கும் முன்னால் லிங்கராஜ் சொன்னார்:

"நான் கண்டேன்."

கீழே யாரோ சாக்கை உதறுகிற சத்தம் கேட்டது.

"நான் அன்னைக்கு அங்க லோடு இறக்கிட்டு நின்னேன். கிட்டங்கி வாசல்ல. முதுகுல மூட்டை. நிமிந்து பாக்கும்போ மங்கலம் எழும்பிப் போனா. போய்த் தாழ்ப்பாளைப் போட்டா. இந்தக் கண்ணால கண்டேன்."

சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். அன்றைக்கு அவர் ஆரியசாலையிலேயே இல்லை. கரமனையில் அரிசி லோடு இறக்கிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்திருக்கிறது என்று அவரைத் தேடிக் கரமனைக்கு ஓடி வந்தவளே விஜயம்தான். செருப்பு அறுந்து, ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். இப்போது அவள் அதைச் சொல்வாள். சொல்லட்டும். உன் கண்ணு நெடியில அவிஞ்சு போச்சே, நான் கரமனையில நின்னது மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்க வேண்டும். அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"ஆமா மோளே," என்றாள் சுடலைமாடத்தி. "மங்கலம் மைனிதான்."

தாசம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "மங்கலம்தான். பின்னே வேற யாரு?"

"அண்ணாச்சி வாசல்லதான் நின்னாரு," என்றாள் விஜயம். "நான் பாத்தேன். முதுகுல மூட்டையோட."

ரெம்யா முகம் மலர்ந்துபோனாள். "அம்மாமாரே, இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல்ல?"

"மறந்துபோச்சு மோளே. வயசாயிட்டுல்லா," என்றாள் தாசம்மாள்.

லிங்கராஜ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. சண்டை இல்லாமல், ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லாமல் கிடைத்துவிட்டது. அதுதான் அவரைக் குடைந்தது. ஆயுசில் அவருக்குச் சும்மா கிடைத்த எதையும் அவர் நம்பியதில்லை. சுமை லேசாக இருந்தால் மூட்டையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

விஜயத்தைப் பார்த்தார். அவள் உப்பேரி ஒன்றை எடுத்து, பதறாத முகத்தோடு மென்றுகொண்டிருந்தாள். பொய் சொன்ன அடையாளமே இல்லை. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். நினைவு வந்தது. வார்டு வாசலில். இனி பலன் இல்லை என்று டாக்டர் காலையிலேயே விஜயத்திடம் சொல்லியிருந்தார். அவள் வெளியே வந்து அவரிடம், "நல்லா இருக்கா அண்ணாச்சி, ரெண்டு நாள்ல வீட்டுக்கு விட்டிருவாவோ. நீரு போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரும்" என்றாள். அன்றைக்கும் இதே முகம். நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற முகம்.

அப்படியென்றால் இங்கே நோயாளியாகப் படுத்திருப்பது யார்?

சுடலைமாடத்தியைப் பார்த்தார். முதலில் ஆமா என்றவள் அவள்தான். யோசிக்காமல், கேட்ட மாத்திரத்தில். அவள் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைச்சாறு கறையாகப் பிடித்த கை. அது அவளாகக்கூட இருக்கலாம் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. தாசம்மாளாகவும் இருக்கலாம். மெடிக்கல் காலேஜில் கிடந்து பிழைத்து வந்த அந்த ஒருத்தியாகவும் இருக்கலாம். இத்தனை வருஷமும், போலீஸ் கேட்டபோதும், முதலாளி ஒவ்வொருத்தி வீட்டுக்கும் ஆளனுப்பி ஆசை காட்டியபோதும் விட்டுக்கொடுக்காததை இவளுகள் இப்போது ஒரு கிழவனுக்காக, தட்டில் கிடக்கும் உப்பேரி மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள். மங்கலம் இருந்தால் என்ன சொல்வாள்? வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க மாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

"ஏ பிள்ளே," என்றார் ரெம்யாவிடம். "அதை அழி."

"எதை மாமா?"

"நான் சொன்னதை. இவளுவோ சொன்னதையும் சேர்த்து. அதுல அழிக்க வழி உண்டுல்லா?"

"உண்டு, ஆனா... ஏன் மாமா?"

"நான் அங்க இல்ல. கரமனையில நின்னேன். இந்த விஜயம்தான் ஒத்தச் செருப்போட என்னைக் கூப்பிட வந்தா. இவளுவோளுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஆமாம் போடுகாளுவோ, என்னை என்னமோ கட்டில்ல கிடக்கவன் மாதிரி."

விஜயம் உப்பேரியை விழுங்கினாள்.

ரெம்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்போ தாழ்ப்பாளைப் போட்டது யாருன்னு எழுத?"

"நெடியில கண்டில்லன்னு எழுது."

சுடலைமாடத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "கரமனை வரைக்குமா அண்ணாச்சி நெடி அடிச்சுது?"

தாசம்மாளுக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறியது. விஜயம் அவள் தலையில் தட்டினாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை லிங்கராஜ் காத்திருந்தார்.

"அடிச்சுது," என்றார். "தினமும் அந்திக்கு அவ சேலையில வீட்டுக்கு வரும்லா. சேலையை உதறிக் கொடியில போடுவா. எனக்குக் கண்ணுல தண்ணி வரும். சண்டை பிடிப்பேன். சாவுகது வரைக்கும் அந்தச் சேலைப்பெட்டியில இருந்துது அது. இப்பவும் திறந்தா வரும்."

ரெம்யாவின் கை போனை நோக்கிப் போய், அழுத்தாமல் நின்றது.

"மாமா, இதை வச்சுக்கிடட்டுமா? இந்தக் கடைசியில சொன்னதை மட்டும்?"

லிங்கராஜ் அவளையும் போனையும் சந்தேகத்தோடு மாறி மாறிப் பார்த்தார்.

"வச்சுக்கோ. என் பேரு போடாதே. ஒருத்தி வீட்டுக்காரர் சொன்னாருன்னு போடு."

"எந்த ஒருத்தின்னு கேப்பாங்களே மாமா."

"கேட்டா உனக்கும் நெடின்னு சொல்லு," என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். படிப்பக்கம் போனவர் நின்று, தட்டிலிருந்து ஒரு உப்பேரியை எடுத்து வாயில் போடும் முன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்துப் பொரிச்சதுதான் அண்ணாச்சி," என்றாள் சுடலைமாடத்தி. "தின்னும்."

தின்றார்.